சூரைமேட்டு எல்லம்மாள் எரித்த நோட்டுகள்

விறகுக்கட்டு எங்கே கண்ணில் பட்டாலும் எல்லம்மாள் நின்றுவிடுவாள். டீக்கடை வாசலோ, கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்போ, யாரோ ஒருத்தி சும்மாட்டில் சுமந்து போகும் சுள்ளிக் கட்டோ, எதுவானாலும் சரி. கட்டையின் வெட்டு வாயில் இடது கட்டைவிரல் நகத்தை அழுத்துவாள். நகம் ஈரத்தில் வழுக்கினால் பச்சை மரம். பொருக்காக உதிர்ந்தால் காய்ந்தது. பார்த்துவிட்டு நகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் நடந்துவிடுவாள். சாவு வீட்டில் வண்டியிலிருந்து இறக்கிய கட்டையைக்கூட அவள் இப்படிப் பார்த்ததுண்டு. "எல்லம்மா சரின்னாத்தான் பொணம் வேகும்டா" என்று சதுரங்கப்பட்டினத்து ஆட்கள் சிரிப்பார்கள். பத்துப் பதினைந்து வருடம் இப்படிப் பார்த்ததில் அந்த ஒரு நகம் மட்டும் கறுத்து, நடுவில் பிளந்து போயிருந்தது.

அவளுக்கு ஊர் சூரைமேடு. திருக்கழுக்குன்றத்திலிருந்து கடற்கரைப் பக்கம் வரும் சாலையில் இறங்கி, ஏரிக்கரை மேல் ஒரு மணி நேரம் நடந்தால் காப்புக்காட்டின் எல்லைக்கல் வரும். கல்லைத் தாண்டி இருபது அடி எடுத்து வைத்தால் பதினான்கு வீடுகள். எல்லாம் இருளர் வீடுகள். கல் நட்டவர்களுக்கு முன்னால் வீடுகள் வந்தனவா, பின்னால் வந்தனவா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். அரசாங்கத்தின் பதில் ஒன்றுதான். கல்லுக்கு உள்ளே இருப்பவன் ஆக்கிரமிப்பாளன்.

காடு என்றால் யானை மறையும் காடு இல்லை. ஆளுயரத்துக்குக் களாவும் காரையும் சூரையும் பின்னிக் கிடக்கும். இடையிடையே உசிலை, வெப்பாலை, நாவல். ஓடைப் பக்கம் மட்டும் நாலு கருங்காலி. அணுமின் நிலையத்துக்காரர்களுக்கு அணுபுரத்தில் குடியிருப்பு கட்டிய காலத்தில், அங்கே வேலை செய்தவர்களுக்குச் சோறு பொங்க இந்தக் காட்டிலிருந்துதான் வண்டி வண்டியாகப் போனது. பின்னால் மாமல்லபுரத்தில் லாட்ஜுகள் வந்தன. அவர்களுக்கும் போனது. வெளியூர்க்காரர்கள் மாட்டு வண்டியோடு வந்து அடியோடு வெட்டினார்கள். அவர்களிடம் வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு, தலைச்சுமையோடு போன சூரைமேட்டுப் பெண்களை மட்டும் வனத்துறை பிடித்தது. தொண்ணூற்றைந்து வாக்கில் எல்லம்மாளின் வாசலில் நின்று பார்த்தால் காட்டுக்கு அப்பால் இருக்கிற சாலையில் பஸ் போவது தெரிந்தது.

புருஷன் சவுக்கு வெட்டும் கூலிக்கு மரக்காணம் பக்கம் போனவன். போனவன் போனவன்தான். பிள்ளை இல்லை. கூடப் பிறந்தவள் ஒருத்தி, சந்திரம்மா. பன்னிரண்டு வயது இளையவள். அவளை எடுத்து வளர்த்ததும், கட்டிக் கொடுத்ததும், பக்கத்திலேயே குடிசை போட்டுக் கொடுத்ததும் எல்லம்மாள்தான்.

தொண்ணூற்று ஆறில் சாராள் வந்தாள். சதுரங்கப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண். எட்டாவதோடு நின்றவள், ஆனால் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். பாலாற்றுக் கரையிலிருந்து கோவளம் வரைக்கும் காட்டோரம், ஓடையோரம் இருக்கிற நாற்பது குடியிருப்புகளைச் சேர்த்து ஒரு கூட்டமைப்பு தொடங்கியிருந்தார்கள். காட்டில் குடியிருப்பவர்களுக்குக் காட்டின் மேல் உரிமை தரும் சட்டம் வேண்டும் என்பது கோரிக்கை. சாராள் அதற்கு நோட்டு எழுதுகிறவள்.

"நீங்க இருந்தா காடு அயியும்னு ஆபீசருங்க சொல்றாங்க. நீங்க இருந்தாத்தான் காடு நிக்கும்னு காட்டணும். காட்ட முடியுமாக்கா?" என்று கேட்டாள்.

"யாருக்குக் காட்டணும்?"

"சட்டம் போடுறவங்களுக்கு."

"அவங்க இங்க வருவாங்களா?"

"வரவைக்கலாம்."

எல்லம்மாள் காட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அப்பிடின்னா பச்சை மரத்துல கைய வெக்கக் கூடாது. யாரா இருந்தாலும்" என்றாள். அன்றைக்கே அவளைக் காவல் தலைவி ஆக்கிவிட்டார்கள். சம்பளம் கிடையாது. ஒரு விசில் கொடுத்தார்கள்.

சட்டதிட்டம் அவர்களே போட்டது. காய்ந்த சுள்ளி, பழம், கிழங்கு, மூலிகை எடுக்கலாம். பச்சை வெட்டினால் கத்தியை மூன்று நாள் பிடித்து வைப்பார்கள். இரண்டு ரூபாய் உண்டியலில் போட வேண்டும். நோட்டில் பெயர் ஏறும். இன்னார், இன்னார் வீட்டுக்காரி, சூரைமேட்டில் எத்தனையாவது வீடு, எந்தத் தேதி, எந்த இடம், என்ன மரம். சாராள் வாரத்துக்கு ஒருநாள் வந்து எழுதுவாள். கீழே பிடிபட்டவள் கைநாட்டு, பிடித்தவள் கைநாட்டு. வனத்துறையிடம் மட்டும் யாரையும் ஒப்படைக்கக் கூடாது. அது பேச்சு.

முதல் வருடம் முடிந்து போகி வந்தது. வாசலில் பழைய பாயும் கூடையும் எரிந்துகொண்டிருக்கும்போது, எல்லம்மாள் அந்த நோட்டை எடுத்து வந்தாள்.

"இத்த எதுக்கு வெச்சுக்கினு? பொங்கலன்னிக்குப் பொம்பளைங்க பேரு திருட்டு நோட்டுல கெடக்கணுமா? ஃபாரஸ்ட் கார்டு கையில ஆப்டா, இதையே வெச்சு எல்லார் மேலயும் கேசு போடுவான். கொளுத்திடலாம். புது வருசத்துக்குப் புது நோட்டு."

அந்த யோசனை எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று. சாராளுக்குக்கூடப் பிடித்திருந்தது. கண்டிப்பான ஒருத்தியிடமிருந்து வந்த ஒரே இரக்கம் அது. பிடிபட்ட பெண்கள்தான் முதலில் கை தட்டினார்கள். ஒருத்தி நோட்டிலிருந்து தன் பக்கத்தைத் தானே கிழித்துத் தீயில் போட்டு, "போச்சுடி என் திருட்டு" என்று குலவை போட்டாள். அதிலிருந்து வருடாவருடம் சூரைமேட்டில் போகி என்றால் நோட்டு எரிப்பதுதான்.

தொண்ணூற்று ஒன்பது கார்த்திகையில் எட்டு நாள் விடாத மழை. சந்திரம்மாவின் குடிசை ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. அவளுக்கு மூன்று மாதக் கைக்குழந்தை. புருஷன் செங்கல் சூளையில் இருந்தான். மழை விட்ட காலையில் அவள் குழந்தையை அக்காவின் வீட்டில் படுக்கவைத்துவிட்டுக் காட்டுக்குள் போய், முட்டுக் கொடுக்க இரண்டு இளம் உசிலையை வெட்டினாள்.

வெட்டிய மரத்தோடு அவள் ஓடைக்கரை ஏறும்போது எதிரே எல்லம்மாளும் காவல் பெண்கள் ஐந்து பேரும் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களோடு வனக்காப்பாளர் ராமானுஜமும் இருந்தார். மறுநாள் சென்னையிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. பெண்கள் காத்த காட்டைப் பார்த்து அரசாங்கத்துக்கு எழுதப் போகிற குழு. அவர்களைக் கூட்டிப்போகப் பாதை பார்த்து வைக்க அவர் வந்திருந்தார்.

எல்லம்மாள் வெட்டு வாயில் நகத்தை வைத்தாள். வைக்கவே தேவையில்லை, ஈரம் கசிந்துகொண்டிருந்தது.

"அக்கா, வூடு வுயுந்துடுச்சுக்கா. ரெண்டே ரெண்டு. நோட்டுல எயுதிக்கோ" என்றாள் சந்திரம்மா.

பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள்: "எயுதுறது இன்னாத்துக்கு? தங்கச்சிதானே. போவச் சொல்லு."

இன்னொருத்தி, "எம் மவ ஒரு கெள வெட்டினதுக்கு மூணு நாளு கத்தியப் புடிச்சு வெச்சியே எல்லம்மா. ரெண்டு மரத்துக்கு இன்னா கணக்கு?" என்றாள்.

ராமானுஜம் மீசைக்குள் சிரித்தார். "உங்க சங்கத்துச் சட்டம் எப்படின்னு நாளைக்கு வர்றவங்க கேப்பாங்கம்மா. நான் பாத்ததைத்தான் சொல்லுவேன்."

எல்லம்மாளின் முகம் இறுகிவிட்டது. தங்கையின் தலையிலிருந்த கட்டை இறக்கச் சொல்லவில்லை. "கட்டோட நட" என்றாள். "நோட்டுல இல்ல. செக்போஸ்ட்டுக்கு."

"அக்கா, கொயந்த பாலுக்கு அயும்."

"நடடீ."

ராமானுஜமே ஒரு கணம் திகைத்தார். "இது யாரு உனக்கு?" என்று வேண்டுமென்றே கேட்டார்.

"திருடி" என்றாள் எல்லம்மாள்.

செக்போஸ்ட் சாலையோரம் இருந்தது. அங்கே சந்திரம்மாவைத் தலையில் கட்டோடு சாயங்காலம் வரை வெயிலில் உட்காரவைத்தார்கள். பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பால் கட்டி ரவிக்கை நனைந்து, அதில் ஈ மொய்த்தது. கையை எடுத்து ஓட்டினால் கட்டு சரியும். கட்டு சரிந்தால் கார்டு கத்துவார். அன்று முழுக்கக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எல்லம்மாள் சர்க்கரைத் தண்ணீரைத் துணியில் நனைத்து நனைத்துச் சப்பக் கொடுத்தாள். அது துப்பித் துப்பி அழுதது.

அபராதம் கட்ட, தாலியில் கிடந்த இரண்டு குண்டையும் விற்றாள் சந்திரம்மா. பணம் கட்டியதற்கு வனத்துறை முத்திரையோடு ஒரு ரசீது தந்தார்கள். ராத்திரி வந்து குழந்தையை வாங்கும்போது அக்காவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. அடுத்த ஒன்பது வருடம் பேசவும் இல்லை.

சென்னைக் குழு வந்து பார்த்துப் புகழ்ந்துவிட்டுப் போயிற்று. கூடப் பிறந்தவளையே பிடித்துக் கொடுத்த தலைவி என்று கூட்டமைப்பின் மேடைகளில் எல்லம்மாளைப் பற்றிப் பேசினார்கள். செங்கல்பட்டில் ஒரு கூட்டத்தில் துண்டு போர்த்தினார்கள். அவள் மேடையில் குனிந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

ஊரில் மற்றவர்கள் வருடாவருடம் நோட்டை எரித்தபோது, சந்திரம்மா தன் ரசீதை எரிக்கவில்லை. புதுப்பட்டினத்தில் ஜெராக்ஸ் கடை வந்ததும் அதற்குக் கண்ணாடித்தாள் ஒட்டி வாங்கி வந்து, மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினாள். வருகிறவர்கள் "இன்னாடி இது?" என்று கேட்பார்கள். "எங்க அக்கா வெச்ச சீரு" என்பாள், அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி. நடுவில் இருந்தது ஒரு கீற்றுத் தடுப்புதான். எல்லம்மாளுக்கு ஒவ்வொரு தடவையும் கேட்கும்.

காடு வளர்ந்தது. அதில் பொய் இல்லை. சாலையில் போகும் பஸ்ஸின் சத்தம் மட்டும் கேட்டது, பஸ் தெரியவில்லை. கூட்டமைப்பும் வளர்ந்தது. மனு, ஊர்வலம், மறுபடி மனு. இரண்டாயிரத்து ஆறு கார்த்திகையில் டெல்லிக்குக் கூட்டிப் போனார்கள். இரண்டு ராத்திரி ரயில். எங்கெங்கிருந்தோ வந்த காட்டு ஜனங்கள் தெருவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரியவில்லை. குளிருக்கு யாரோ கட்டை போட்டு எரித்தார்கள். அதிலும் நகத்தை வைத்துப் பார்த்த எல்லம்மாளை, "இங்கயுமாக்கா?" என்று சாராள் இழுத்துக்கொண்டு வந்தாள்.

அந்த வருடக் கடைசியில் சட்டம் வந்துவிட்டது. இரண்டாயிரத்து ஐந்து டிசம்பருக்கு முன்னாலிருந்தே காட்டில் குடியிருக்கும் பழங்குடிகளுக்கு அந்த இடம் சொந்தம். எப்படி விண்ணப்பிப்பது, என்ன ஆதாரம் காட்டுவது என்ற விதிகள் இரண்டாயிரத்து எட்டு ஜனவரி முதல் தேதி வெளியாயின. பதினான்காம் தேதி போகி. சூரைமேட்டில் அந்த வருடத்து நோட்டையும் கொளுத்தினார்கள். விதிகள் வந்த செய்தி சாராளுக்கே மாசியில்தான் தெரிந்தது.

விண்ணப்பம் எழுதும்போது எல்லோருக்கும் சந்தோஷம்தான். கிராம சபையில் பதினான்கு வீட்டுக்கும் கை தூக்கினார்கள். கோளாறு செங்கல்பட்டு ஆபீசில் ஆரம்பித்தது. அங்கே கோட்ட அளவிலான குழு ஒவ்வொரு மனுவாகப் பார்த்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"ரெண்டாயிரத்து அஞ்சுக்கு முன்னாடி அங்கதான் இருந்தீங்கன்னு ஏதாவது பேப்பர்?"

ரேஷன் அட்டை போன வருடம்தான் வந்தது. கரண்டு இல்லை. வரி ரசீது இல்லை. ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டாலும் ஆதாரம்தான் என்று சாராள் விதியைப் படித்துக் காட்டினாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "சொல்றது யாரு வேணா சொல்லலாம்மா. பேர் போட்டு, தேதி போட்டு, ஏதாவது எழுத்துல இருந்தா குடுங்க. சங்கத்து நோட்டு இருந்தாக்கூடப் பாக்குறேன். காட்டுல தப்பு பண்ணி அபராதம் கட்டின ரசீது இருக்கா? அதுவும் செல்லும்."

சாராள் எல்லம்மாளைப் பார்த்தாள். எல்லம்மாள் தன் நகத்தைப் பார்த்தாள். பெயரும், வீடும், தேதியும், கைநாட்டுமாகப் பத்து நோட்டுக்கு மேல் இருந்திருக்கும்.

வனத்துறையிடம் அபராதம் கட்டிய ரசீதைத் தொலைக்காமல் வைத்திருந்தவர்கள் சூரைமேட்டில் நாலு பேர். முயல் பிடித்து மாட்டிய மூன்று ஆண்கள், அப்புறம் சந்திரம்மா. கண்ணாடித்தாள் ஒட்டிய அந்த ரசீதை மேசைக்குப் பின்னால் இருந்தவர் இருபக்கமும் திருப்பிப் பார்த்து, "இதுதாம்மா ஆதாரம். எவ்வளவு பத்திரமா வச்சிருக்கே" என்று பாராட்டினார். நாலு மனுவும் தேறியது. பத்து மனுவுக்கும் தள்ளுபடி. மேல்முறையீட்டுக்கு அறுபது நாள்.

ஊர் திரும்பிய அன்று தள்ளுபடியான வீடுகளில் யாரும் அடுப்பு மூட்டவில்லை. எல்லோரும் எல்லம்மாளின் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"நோட்டக் கொளுத்துன மகராசி எங்க? வெளிய வா."

"பொங்கலுக்குப் பொம்பளைங்க பேரு நாறக் கூடாதுன்னியே, இப்போ வூடே நாறிப்போச்சு பாரு."

"நாங்க திருடிக்கினே இருந்திருக்கணும்டி. ஒன் பேச்சக் கேட்டு ஒயுங்கா இருந்தோம் பாரு, அதான் தப்பு."

குலவை போட்டுத் தன் பக்கத்தைக் கிழித்தவள்தான் முதலில் மண்ணை வாரித் தூற்றினாள். நான் ஒருத்தி மட்டுமா கொளுத்தினேன் என்று எல்லம்மாள் கேட்டிருக்கலாம். கீற்றுத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சந்திரம்மா குழம்புக்கு மிளகாய் அரைக்கும் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது.

மேல்முறையீட்டுக்கு ஒரு வழி இருக்கிறது என்று சாராள் சொன்னாள். ரசீது உள்ளவர் யாராவது, இவள் அப்போதே என் பக்கத்து வீட்டில் இருந்தாள் என்று எழுதிக் கைநாட்டு வைத்தால் எல்லம்மாளின் மனு பலப்படும். பக்கத்து வீடு யாருடையது என்று இருவருக்கும் தெரியும். எல்லம்மாள் இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்தாள். மூன்றாம் நாள் தங்கையின் வாசலில் போய் நின்றாள்.

சந்திரம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சந்திரா."

"யாரு?"

"நாந்தான்டீ."

"நீன்னா யாரு? எனக்கு ஒறவா?"

"ஒரு கைநாட்டு வெய்யி. நா இங்கதான் இருந்தேன்னு. பொய் இல்லியே."

"அன்னிக்குக் கார்டு கேட்டாரே, இது யாருன்னு. இன்னா சொன்ன?" சந்திரம்மா இப்போது நிமிர்ந்து பார்த்தாள். "அத்த இன்னொருவாட்டி சொல்லு. என் மவன் காதுல வுயணும். சொல்லு."

வாசலில் நின்ற ஒன்பது வயதுப் பையன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். எல்லம்மாள் நகத்தை முந்தானையில் துடைத்தாள்.

"திருடி வந்து சாட்சி சொன்னா தலைவிக்கு மருவாதி இன்னா ஆவுறது? மேடைல துண்டு போத்துனாங்களே, அவங்ககிட்டப் போய்க் கைநாட்டு கேளு."

"வூட்ட இடிச்சிடுவாங்க சந்திரா. எங்க போவேன்?"

"ரசீதுதான வோணும்? நா எப்பிடி வாங்குனேன்? போய் வெட்டு. தலைல வெச்சுக்கினு வெயில்ல குந்து. குடுப்பாங்க" என்று முறத்தைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கோபத்தில் சொன்ன வார்த்தை. ஆனால் எல்லம்மாள் அதைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் காலை ராமானுஜத்தைத் தேடிச் செக்போஸ்ட்டுக்குப் போனாள். அவர் வேறு ஊர் எல்லாம் மாறிப் போய், இப்போது வனவராகப் பதவி உயர்ந்து திரும்பி வந்திருந்தார். சாராள் அந்த வாரம் சென்னையில் இருந்தாள். இந்தச் சட்டத்தையே எதிர்த்து அங்கே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது.

"பழைய தேதியில ஒரு ரசீது போட்டுக் குடுங்க சாமி. சந்திராவப் புடிச்ச வருசம்" என்று எல்லம்மாள் கேட்டாள்.

ராமானுஜம் நாற்காலியில் சாய்ந்து அவளை நன்றாகப் பார்த்தார். பத்து வருடம் விசிலை ஊதிக்கொண்டு, வனத்துறையை விட நாங்கள் நன்றாகக் காப்போம் என்று மேடை மேடையாகப் பேசியவர்களின் தலைவி. "போடலாம். பழைய புக்கு இருக்கு. ஆனா வெறும் கையில எழுத முடியாதே. பொருள் இருக்கணும்" என்றார்.

"சுள்ளி கொண்டாரட்டா?"

"சுள்ளிக்கு யாரு கேஸ் போடுவா? ஓடைப் பக்கம் கருங்காலி நிக்குது பாரு. அதுல ஒண்ணு."

அந்த நாலு மரத்தையும் அவள் தினமும் எண்ணுவாள் என்பது அவருக்குத் தெரியும்.

எல்லம்மாளிடம் வெட்டுக்கத்தி இல்லை. காவலுக்கு வந்த பிறகு அவள் கத்தி வைத்துக்கொள்ளவில்லை. குலவைக்காரியின் வீட்டில் கேட்டு வாங்கினாள். "இன்னாத்துக்கு?" என்று கேட்டதற்கு, "ரசீதுக்கு" என்றாள். கருங்காலி லேசில் விழாது. காலையில் தொடங்கியவள் மத்தியானம் வரை வெட்டினாள். கை தோல் உரிந்தது. அடிமரம் விழுந்ததும் ஒரு பாகத்தை அறுத்து எடுத்துக்கொண்டு, பச்சை வெட்டு வாய் வெளியே தெரியும்படி தலையில் வைத்து, ஏரிக்கரை மேலேயே நடந்தாள். ஒளிந்து போகவில்லை. வயலில் நடவு நட்டவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரும் கூப்பிடவில்லை.

செக்போஸ்ட்டில் ராமானுஜம் தயாராக இருந்தார். ஒரு போட்டோ எடுத்தார்கள். காட்டுக்குள் ஆள் அனுப்பி அடிமரத்தையும் போட்டோ எடுத்தார்கள். யாரும் சொல்லாமல் அவளே கட்டையோடு வெயிலில் போய்க் குந்திக்கொண்டாள். சாயங்காலம் எழுதி முடித்து, "இங்க வை" என்று காட்டினார். வைத்தாள். அபராதத்துக்கு, வளர்த்த ஆட்டை விற்ற பணத்தை முடிச்சோடு நீட்டினாள். முத்திரை குத்திய ரசீதை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"வருசம் போட்டீங்களா சாமி?"

"போடாம இருப்பனா?" என்றார் ராமானுஜம்.

எல்லம்மாளுக்கு எழுத்தையும் படிக்கத் தெரியாது, எண்ணையும் படிக்கத் தெரியாது. அந்த ரசீதை அவளும் கண்ணாடித்தாள் ஒட்டி வாங்கினாள். நான்காம் நாள் சாராள் வந்து அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். இரண்டாயிரத்து எட்டு, செப்டம்பர். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"செல்லுமா?" என்று கேட்டாள் எல்லம்மாள்.

"கருங்காலியையாக்கா வெட்டுனே?"

"செல்லுமான்னு கேட்டேன்."

சாராள் அழுதாள். ஆனால் அழுதுகொண்டே செய்ய வேண்டியதைச் செய்தாள். காவல் தலைவியே மரம் வெட்டிய போட்டோ சென்னை வழக்கில் எதிர்த் தரப்பின் கைக்குப் போய்விட்டது, இவர்களா காட்டைக் காப்பவர்கள் என்று கேட்கப் போகிறார்கள் என்று கூட்டமைப்பில் அவசரமாகக் கூடிப் பேசினார்கள். மற்ற ஒன்பது வீட்டையாவது காப்பாற்ற வேண்டும். எல்லம்மாளை நீக்குவதென்று தீர்மானம். கூட்டு மேல்முறையீட்டு மனுவிலிருந்தும் அவள் பெயரை எடுத்துவிடுவதென்று தீர்மானம். அந்த அச்சடித்த மாதிரியான எழுத்தில் அதை எழுதியது சாராள்தான். எழுதியதை எல்லம்மாளுக்கு அவளே படித்துக் காட்டினாள். "சரி. இதுலயும் கைநாட்டு வெக்கணுமா?" என்று கேட்டாள் எல்லம்மாள். வேண்டாம் என்றார்கள். தனியாக மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். எழுதிக் கொடுக்க ஆள் இல்லாமல் அறுபது நாள் முடிந்தது.

தை பிறந்து பத்து நாள் கழித்து வனத்துறை ஜீப்பும் ஒரு பொக்லைனும் வந்தன. மேல்முறையீடு நிலுவையில் இருந்த ஒன்பது வீடுகளைத் தொட முடியாது. பட்டியலில் ஏறிய நாலு வீடுகளைத் தொட முடியாது. நடுவில் இருந்த ஒரு வீட்டை மட்டும் இடிக்க வேண்டியிருந்ததால் வேலை மெதுவாக நடந்தது. பக்கத்துக் கீற்றுத் தடுப்பு சரியாமல் பார்த்து எடுக்கும்படி டிரைவரிடம் ராமானுஜம் சொன்னார். எல்லம்மாள் சாமான்களை ஒரு சாக்கில் கட்டி முடிக்க அரை மணி நேரம் கொடுத்தார்கள். அவளுக்குக் கால் மணி நேரமே போதுமாக இருந்தது.

சந்திரம்மா வாசலில் நின்று பார்த்தாள். அவள் மகன், "பெரியம்மா எங்கம்மா போவுது?" என்று கேட்டான். "தெரியாது. உள்ள போ" என்றாள். பொக்லைன் போன பிறகு, விழுந்து கிடந்தவற்றில் நல்ல மூங்கிலாக ஆறு பொறுக்கித் தன் வீட்டுத் தடுப்புக்குச் சாத்திக்கொண்டாள்.

இப்போது இரண்டாயிரத்துப் பத்து. சென்னையில் வழக்கு நடந்துகொண்டிருப்பதால் சூரைமேட்டில் யாருக்கும் பட்டா கைக்கு வரவில்லை. பதின்மூன்று வீடுகள் இருக்கின்றன. காவலுக்கு யாரும் போவதில்லை. ஓடைப் பக்கம் ஒரு கருங்காலி நிற்கிறது. எல்லம்மாள் மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜின் பின்கட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். தண்ணீர் மோட்டார் வைத்திருக்கும் அறையில் படுத்துக்கொள்கிறாள். அந்த லாட்ஜில் கேஸ் அடுப்புதான்.